இன்னொரு கிண்ணம்

“நாளைக்கு வர்ற எங்கப்பா உங்க சமையலுக்கு ஒரே ஒரு தடவை முகம் சுளிக்கட்டும், அன்னிக்கே அடுப்படி மறுபடி என் கைக்கு வந்துடணும். சம்மதமா?” என்றாள் மனைவி.

“சம்மதம்” என்றார் ஃபிரிட்ஜ் மெக்கானிக். குரல் கம்பீரமாகத்தான் வந்தது.

ஊரார் ஃபிரிட்ஜுக்குள் அழுகிக் கிடக்கும் காய்களைப் பார்த்துப் பார்த்து வெறுத்துப்போனவர் அவர். ‘நம் வீட்டில் இனி ஒரு தண்டுகூடக் குப்பைக்குப் போகாது’ என்று சபதம் போட்டு, மனைவியிடமிருந்து கரண்டியைப் பிடுங்கிக்கொண்டார். அன்று முதல் காலிஃபிளவர் தண்டு சூப், உருளைக்கிழங்குத் தோல் வறுவல், தர்பூசணித் தோல் ஊறுகாய். சபதம் போட வந்த அளவுக்குச் சமையல் வரவில்லை. தன் சூப்பைத் தானே மூக்கைப் பிடித்துக்கொண்டுதான் குடித்தார்.

வந்த மாமனாரோ ஆயுள் முழுக்க பேக்கரி நடத்தியவர். கேக்கை வாயில் வைத்ததுமே வெண்ணெய் நேற்றையதா, முந்தாநாளையதா என்று சொல்லிவிடும் நாக்கு.

மெக்கானிக் சூப்புக் கிண்ணத்தை அவர் முன்னால் வைத்தார்.

“பிடிக்கலைன்னா வெச்சிடுங்க மாமா. நான் தப்பா நினைக்க மாட்டேன். நினைக்கற தகுதியும் எனக்கு இல்ல.”

மாமனார் ஒரு வாய் குடித்தார். இன்னொரு வாய். கிண்ணம் காலி.

“இன்னும் இருக்கா மாப்பிள்ளை?”

மனைவி வாயைப் பிளந்தாள். மெக்கானிக்கும்தான்.

மறுநாள் தோல் வறுவலும் தட்டில் மிஞ்சவில்லை. பெரிய மகள் தன் வீட்டுக்கு வரச்சொல்லிப் போனில் கூப்பிட்டபோது, “இங்கயே இருக்கேம்மா. மாப்பிள்ளை கையால சாப்பிட்டா நிம்மதியா இருக்கு” என்றுவிட்டார்.

மெக்கானிக்குக் கால் தரையில் பாவவில்லை. ரிப்பேருக்குப் போன வீட்டிலெல்லாம், “பேக்கரிக்காரரே இன்னொரு கிண்ணம் கேட்டாருங்க!” என்று, கேட்காதவர்களுக்கும் சொன்னார். தண்டை இப்படி நறுக்கணும், தோலை அப்படி வதக்கணும் என்று பாடம் வேறு.

“நேத்து வரைக்கும் உங்களுக்கே இறங்கல. இன்னிக்கு ஊருக்கு உபதேசமா?” என்றாள் மனைவி.

“என் அருமை எனக்கே லேட்டாத்தான் தெரிஞ்சது. உனக்கு எப்படித் தெரியும்?”

அன்று மாலை வேலை முடிந்து படியேறும்போதே தீய்ந்த நாற்றம் மூக்கைத் துளைத்தது. ஓடிப்போய்க் கதவைத் திறந்தார். அவர் சொல்லிவிட்டுப் போனபடி காய்ந்த ரொட்டித் துண்டுகளை ஓவனில் வைத்துவிட்டு மனைவி கடைக்குப் போயிருந்தாள். அடுப்படி முழுக்கப் புகை. அதற்கு முதுகைக் காட்டி, மாமனார் நிதானமாகப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

ஓவனை அணைத்து, ஜன்னலைத் திறந்துவிட்டு வந்த மெக்கானிக் மூச்சு வாங்கக் கேட்டார்:

“இவ்வளவு நாத்தம்... உங்களுக்குத் தெரியலையா மாமா?”

மாமனார் பேப்பரை மெல்ல மடித்தார்.

“முன்னாடி எனக்கு விஷக்காய்ச்சல் வந்துச்சே, அதுல வாசனை, ருசி ரெண்டும் போயிடுச்சு மாப்பிள்ளை. பொண்ணுங்ககிட்ட சொல்லல, அழுவாங்க.”

“அப்போ என் சூப்பு...?”

மாமனார் அவர் கையை வாஞ்சையோடு பிடித்துக்கொண்டார்.

“பெரியவ சமையல் அமிர்தம். அவ வீட்ல ஒவ்வொரு வாய்க்கும், ‘ஐயோ, இந்த ருசி போச்சே’ன்னு தொண்டை அடைக்கும். உங்க கையால சாப்பிடுறப்பதான் மாப்பிள்ளை, எதையும் இழந்த மாதிரியே தோணல.”