ஜன்னலில் சீசர்

செஞ்சி பஜாரில் துணித் துண்டுகளை ஒட்டி, பஞ்சு வைத்து, வளர்ப்பு நாய்களின் உருவம் தைத்துத் தருபவள் ஸ்டெல்லா. தைத்த சீசரை அவள் விரித்துக் காட்டியதும், அந்த நாயை வளர்த்த ராஜமதி அதன் வாயைத் தொட்டுப் பார்த்தாள்.

"வாயை மூடிட்டியே. பல்லு தெரியணும் ஸ்டெல்லா."

"செத்த நாயை எல்லாரும் சாதுவாத்தான் கேக்குறாங்கக்கா."

"காதும் வெறைப்பா நிக்கணும். இன்னிக்கே வேணும்."

"சொவத்துல மாட்டறதுக்கு இன்னா அவசரம்?"

"ஜன்னல்ல மாட்டணும். தெருவுலேருந்து பாத்தா சீசர் உக்காந்திருக்கிற மாதிரியே இருக்கணும். அது செத்தது யாருக்கும் தெரியாது."

ராஜமதி வாசலைத் திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"நாளைக்கு ஒருத்தன் ஜெயில்லேருந்து வர்றான். குடிச்சிட்டு என்னை அடிக்க வர்றப்பல்லாம் சீசருக்கு மட்டுந்தான் பயப்படுவான்."

"யாருக்கா அவன்?"

"எம் புள்ள."