மாமியாரின் முட்டி வலி

"எனக்கு மட்டும் வச்சா நான் படுக்க மாட்டேன் டாக்டரம்மா. என் மருமவளுக்கும் அந்தக் கரன்ட வையி."

பிசியோதெரபி கிளினிக்கின் கட்டிலில் ஏறாமல் அடம்பிடித்து நின்றாள் முனியம்மாள். மருமகள் கார்முகிலுக்கு மானம் போனது.

"அத்தே, முட்டி வலி உங்களுக்கு. எனக்கு எதுக்கு?"

"ராத்திரி பூரா நின்னுக்கினே வேல செய்யிற. குதிகால் இன்னாத்துக்கு ஆவும்?"

ஒரகடத்தில் கார் உதிரிபாகம் செய்யும் கம்பெனியில் கார்முகிலுக்கு ராத்திரி ஷிப்ட். லைனில் வரும் ஒவ்வொரு பாகத்திலும் கீறல் இருக்கிறதா என்று கண் கொட்டாமல் பார்க்க வேண்டும். போன வாரம் நின்றபடியே தூங்கிவிட்டாள். இன்னொரு முறை கண் அசந்தால் மறுநாள் வர வேண்டாம் என்று சூப்பர்வைசர் கறாராகச் சொல்லிவிட்டார். கணவன் இறந்துபோன பிறகு அந்த வீட்டுக்கு அவளுடைய சம்பளம் ஒன்றுதான். வயதானவளைக் கலங்கடிப்பானேன் என்று மாமியாரிடம் அவள் இதைச் சொல்லவில்லை.

காலையில் கம்பெனி பஸ்ஸை விட்டு இறங்கி, சமைத்து, துவைத்து நிமிர்ந்தால் மணி பத்து. கொஞ்சம் தலையைச் சாய்க்கலாம் என்றால், அந்த நேரம் பார்த்துத்தான் முனியம்மாளுக்கு வலி வரும். "தனியாப் போனா பயமா கீது, கூட வா" என்பாள். மாடியிலிருந்த கிளினிக்கின் வெளிப்படியில் மருமகளின் தோளைப் பிடித்துக்கொண்டு, படிக்கு ஒரு பெருமூச்சு. இந்தக் கிழவிக்கு என்மேல் துளி இரக்கமும் இல்லையே என்று கார்முகிலுக்கு அழுகையே வந்தது.

பிசியோதெரபிஸ்ட் ஷெர்லின், திரைக்கு இந்தப் பக்கமிருந்த இன்னொரு கட்டிலில் கார்முகிலை உட்கார வைத்தாள். கார்முகிலின் கால்களை உப்புப் போட்ட வெந்நீரில் வைத்து, துடைத்து, உள்ளங்காலைக் கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்துவிட்டாள். பிறகு குதிகாலில் ஒயரோடு இரண்டு பட்டைகளை ஒட்டினாள்.

"லேசான கரன்ட்தான் அக்கா, ஒண்ணும் தெரியாது. ஒரு மணி நேரம் அசையாமப் படுங்க."

"அம்மாடி, எறும்பு கடிக்கிற மாதிரி கீதே" என்று திரைக்கு அந்தப் பக்கம் முனியம்மாள் புலம்பினாள். அதைக் கேட்டுக்கொண்டே கார்முகில் தூங்கிப்போனாள்.

ஒன்பது நாளும் இதே கூத்து. அந்த ஒன்பது ராத்திரியும் லைனில் அவளுக்குக் கண் சொக்கவில்லை. குதிகால் வலி குறைந்ததால்தான் என்று நினைத்துக்கொண்டாள்.

பத்தாவது நாள், கீழே சாலையில் ஒரு கன்டெய்னர் லாரி அடித்த ஹாரனில் திடுக்கிட்டு விழித்தாள். காலை இழுத்ததும் ஒயர் கூடவே வந்தது. அதன் மறுமுனை எந்த மெஷினிலும் சொருகப்படவில்லை.

"மேடம், இன்னா இது?"

"அது வந்து அக்கா..." என்று ஷெர்லின் இழுத்தாள்.

கார்முகில் திரையை விலக்கினாள். மாமியாரின் கட்டிலில் ஆளே இல்லை. முட்டியை வைத்துக்கொண்டு எங்கே போய் விழுந்தாளோ என்று பதறி ஜன்னலுக்கு ஓடினாள்.

வெளிப்படியில் முனியம்மாள், புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இரண்டிரண்டு படியாக இறங்கி, நேராகப் போய் லாரிக்குக் குறுக்கே நின்றாள்.

"யோவ், ஆரன்லேர்ந்து கைய எடுய்யா. வூட்ல நான் ஒரு சொம்ப நகத்துனாக்கூட என் மருமவ எழுந்து வந்து அதுவே செய்யும், தூங்காது. ராத்திரி லைன்ல கண்ணு சொக்குனா அதுக்கு வேல பூடும்னு கூட வேல செய்யிற பொண்ணு சொல்லிச்சி. அதான் பத்து நாளா இல்லாத முட்டி வலியச் சொல்லி இட்டாந்து தூங்க வச்சிக்கினு கீறேன். எழுப்பிடாதய்யா."