கடைசி ஆள்

ஐம்பத்தெட்டு வயதில் ஓட்டக் குழுவில் சேர்ந்த பூரணிக்கு அது முதல் ஞாயிறு. கூட வந்த முப்பது பேரும் ஏரிக்கரை வளைவில் எப்போதோ மறைந்துவிட்டார்கள். இனி வரக்கூடாது என்று அவள் முடிவு செய்துகொண்டிருந்தாள். ஓடி முடித்தவர்கள் திரும்பி வந்து கடைசி ஆளோடு மறுபடி ஓடுவது அந்தக் குழுவின் வழக்கம். அதை யாரும் அவளிடம் சொல்லியிருக்கவில்லை. பனிக்குள்ளிருந்து முப்பது பேரும் தன்னை நோக்கி ஓடி வருவதைக் கண்டதும், அங்கே ஏதோ ஆபத்து என்று நினைத்து, திரும்பி, வந்த வழியே ஓட ஆரம்பித்தாள்.

"அக்கா, முடியற இடம் அந்தப் பக்கம்," என்று பின்னாலிருந்து ஒருவன் கத்தினான்.

"பேசாம வாப்பா. அவங்க போற வேகத்தப் பாரு," என்றாள் ஒருத்தி.

பூரணிக்கு விஷயம் புரிந்தது. ஆனாலும் அவள் நிற்கவில்லை; யாரும் அவளைத் தாண்டவும் இல்லை. அறுபது கால்கள் அவள் காலடிக்கு ஏற்ப விழுந்தன. கரை அதிர்ந்தது. தண்ணீரில் நின்ற நாரைகள் அத்தனையும் ஒன்றாக எழுந்து தலைக்கு மேல் வந்தன. காலையில் புறப்பட்ட இடம் வந்தது. ஓடுவதற்கு முன் அவள் கழற்றிவிட்ட செருப்பு அங்கேயே மரத்தடியில் கிடந்தது. அவள் அதைத் தாண்டி ஓடினாள்.