ரெஜினா சேர்த்து எழுதும் இரண்டு இஞ்ச்

நடைக்கும் பட்டினிக்கும் மசியாத அடிவயிற்றுக் கொழுப்பைக் குழாய் விட்டு உறிஞ்சி எடுத்த நான்காவது மாதம், சுகந்தி புதுச் சுடிதாருக்கு அளவு கொடுக்கப் போனாள். பதினெட்டு வருடமாக அவளுக்குத் தைத்துக் கொடுக்கும் ரெஜினா, வயிற்றைச் சுற்றி டேப்பைப் போட்டாள். தளர்ந்த தோல் கொஞ்சம் மடிந்தது. அது அப்படித்தான் இருக்கும், எடை கூடினால் கொழுப்பு வேறு இடம் பார்த்துக்கொள்ளும் என்று டாக்டர் முதலிலேயே சொல்லியிருந்தார்.

"மூணு இஞ்ச் கொறஞ்சிருக்குக்கா. அப்புறம் எதுக்கு இன்னும் வயித்த எக்குறீங்க?"

சுகந்திக்கு அப்போதுதான் தெரிந்தது. "எப்பவும் எக்குவேனா?"

"டேப்பக் கையில எடுத்தாலே மூச்சப் புடிச்சுக்குவீங்க. அதுக்குன்னே ரெண்டு இஞ்ச் சேர்த்து எழுதிக்குவேன். சொன்னா மனசு சங்கடப்படுமேன்னு சொன்னதில்ல."

இத்தனை வருடமும் உடுப்பெல்லாம் அவ்வளவு கச்சிதமாகப் பொருந்தியதை நினைத்து சுகந்திக்குக் கண் கலங்கியது.

"இந்தத் தடவை எவ்வளவு சேர்க்கணும்?"

டேப்பைப் பிடித்த கையைத் தளர்த்தாமல் ரெஜினா அவள் முகத்தைப் பார்த்தாள்.

"நீங்க மூச்ச விடுங்கக்கா, சொல்றேன்."