ஒன்றரை அங்குலம்

"மழ பேஞ்சுச்சுன்னு எழுதி அனுப்புனது நீங்கதானா, வாத்தியாரே?"

ஆண்டியப்பன் பள்ளிக்கூட வாசலிலேயே நின்று கேட்டான். அவனுக்குப் பின்னால் மனைவி மூக்காயி, இடுப்பில் இரண்டு வயதுப் பெண் குழந்தையோடு நின்றாள். குழந்தையின் தலை தாயின் தோளில் சரிந்து கிடந்தது.

சோலையப்பன் வாத்தியார் நோட்டை மூடினார். "நானா எழுதலப்பா. மழைமானி காட்டுனத எழுதுனேன்."

1952-ஆம் வருஷம். அரிமளத்துக்குத் தெற்கே இருந்த அந்தச் சிற்றூரில் தொடர்ந்து மூன்றாவது வருஷமாக மழை இல்லை. ஊர் நடுவில் சர்க்கார் கஞ்சித் தொட்டி திறந்திருந்தது. பள்ளிக்கூடத்துக்குப் பின்னால், கம்பி வேலிக்குள் மழைமானி. தினமும் காலை எட்டு மணிக்கு வாத்தியார் அதைத் திறந்து, உள்ளே சேர்ந்த தண்ணீரைக் கண்ணாடிக் குழாயில் அளந்து எழுதுவார். ஆவணி முழுக்கப் பூஜ்யம். புரட்டாசியில் மட்டும் மூன்று நாள், அரை அரை அங்குலம். அந்தக் கணக்கைப் பார்த்துத்தான், மழை வந்துவிட்டது, நாளை முதல் கஞ்சி கிடையாது என்று உத்தரவு வந்திருந்தது.

"ஒண்ணரை அங்குலம்! எங்கிட்டுங்க பேஞ்சுச்சு? எங்க கொல்லையில ஒரு சொட்டு விழுகலையே."

"ராத்திரி பேஞ்சிருக்கும். நீ தூங்கியிருப்ப. காஞ்ச மண்ணு, விழுந்ததும் உறிஞ்சிருக்கும்."

"நீங்களும் வாசல்ல கட்டில் போட்டுத்தான படுக்குறீங்க? நனைஞ்சீங்களா?"

அந்த மூன்று காலையிலும் வாத்தியாருடைய போர்வை காய்ந்துதான் இருந்தது. அதை அவர் யோசிக்காமல் இல்லை. யோசித்துவிட்டு, அளவைத்தான் எழுதினார்.

"நம்ம கண்ணு தப்புப் பண்ணும், ஆண்டியப்பா. கருவி பொய் சொல்லாது. இது விஞ்ஞானம். உங்க கோயில் குறி மாதிரி இல்ல."

"எங்க பூசாரியும் இதயேதான் சொல்றாரு. மனுசன் பொய் சொல்லுவான், சாமி பொய் சொல்லாதுன்னு. அவராவது தேங்கா மூடியோட விட்டாரு. நீங்க கஞ்சியிலயே கைய வச்சிட்டீங்க."

"அதுக்காகப் பொய் எழுதச் சொல்றியா?"

"பொய் வேண்டாங்க. எழுதுறதுக்கு முந்தி வெளிய வந்து தரையப் பாத்திருக்கலாம்ல?"

தெருவில் கஞ்சி அண்டாவைக் கவிழ்த்து மாட்டுவண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அண்டாச் சத்தம் கேட்டதும் குழந்தை தலையைத் தூக்கிப் பார்த்தது.

வாத்தியார் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அதுவரை வாய் திறக்காத மூக்காயி புருஷனின் கையைப் பிடித்து இழுத்தாள். "அவுகள எதுக்கு ஏசுறீங்க? பேசாம வாங்க."

பிறகு வாத்தியாரிடம் தாழ்ந்த குரலில் சொன்னாள்:

"கோவிச்சுக்காதீங்கய்யா, கொறை எங்க பக்கந்தான். வேலி போட்டு, யாரையும் தொடவிடாம, தெனம் நீங்க குனிஞ்சு பாக்குற சாமி. அது சொன்னா சர்க்காரே கேக்குது. அது வறண்டு கெடந்தா மழ எப்படி வரும்னு, புரட்டாசியில மூணு வெள்ளிக்கெழமையும் விடியுறதுக்கு முந்தி மாரியாத்தா கோயில் தீர்த்தத்த ஒரு டம்ளர் அதுல ஊத்திட்டு வந்தேன். அது பத்தல போலருக்கு. நாளைக்குச் செம்பு நெறைய ஊத்துறேன்."