நாடாவின் மறுபக்கம்

கைபேசியில் எழுபத்துநான்கு என்று பார்த்ததும் ஐவிக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

மகள் நிரோஷினி பாரிசிலிருந்து பிளவுஸ் அளவு அனுப்பியிருந்தாள். மார்பு 74, இடை 61, கை 23. அடுத்த மாதம் தம்பி றிக்சனின் கலியாணம். அக்கா வந்து முன்னால் நிற்க வேண்டாமா?

"இங்க எல்லாம் சென்ரிமீற்றர்தான் அம்மா, நீங்களே மாத்துங்கோ" என்று ஒரு குரல்பதிவும் இருந்தது.

உட்துறைமுக வீதியில் முப்பது வருடமாகத் தைக்கிறாள் ஐவி. அங்குலம்தான் அவளுக்குத் தெரிந்த கணக்கு. மாதா கோயில் பூசையில் முன்வரிசைப் பெண்ணின் முதுகைப் பார்த்தே முப்பத்தெட்டு என்று சொல்லிவிடுவாள். சென்ரிமீற்றரில் ஒரு உடம்பும் அவள் கண்ணுக்குத் தெரியாது.

எழுபத்துநான்கு என்றால் பிள்ளை நன்றாகச் சாப்பிட்டு உருண்டு திரண்டிருக்கிறாள் என்றே பட்டது. அதுதான் மூன்று மாதமாகக் கமரா பழுது என்று முகம் காட்டாமல் கதைக்கிறாள், கள்ளி.

அளவுநாடாவின் மறுபக்கத்தில் இருந்த சென்ரிமீற்றரை முதல்முறையாகப் பார்த்தாள். எழுபத்துநான்கில் நகத்தை வைத்து அங்குலப் பக்கம் திருப்பினாள்.

இருபத்தொன்பது.

நாடா பிழை என்று நினைத்தாள். அலுமாரியிலிருந்து புது நாடாவை எடுத்தாள். அதுவும் இருபத்தொன்பது என்றது. இடை இருபத்துநான்கு. கை ஒன்பது.

போன நத்தார்ப் பண்டிகைக்கு நிரோஷினியின் மார்பு முப்பத்தாறு. ஐவியின் அளவுக் கொப்பியில் இருக்கிறது. அந்த அளவு அங்குலத்தில்தான் வந்தது. பாரிசுக்குப் போய் ஆறு வருடம். இதுவரை எல்லா அளவையும் அங்குலத்தில்தான் அனுப்பினாள்.

தையற்காரியின் மகள் அல்லவா. எதை எப்படி மறைப்பது என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு ஐவி அழுதாள். பிறகு முகத்தைக் கழுவி, குரலைச் சரிசெய்துகொண்டு பதில் அனுப்பினாள்.

"அளவு கிடைச்சுது பிள்ளை. வடிவாத் தைக்கிறன். நீ வந்தாக் காணும், வேற ஒண்டும் வேண்டாம்."

எந்தச் சட்டைக்கும் உள்தையலில் ஒரு அங்குலம் விட்டுத் தைப்பது ஐவியின் வழக்கம். உடம்பு வைத்தால் பிரித்துவிடலாம்.

மகளின் துணியை முப்பத்தாறுக்கு வெட்டினாள். இருபத்தொன்பதில் தைத்தாள்.

மிச்சம் ஏழு அங்குலத்தையும் உள்ளே மடித்து வைத்தாள்.