பழைய அளவு

எதிரி விமானங்களை வீழ்த்திவிட்டுக் கடலில் விழுந்த மகனுக்கு முப்பது வருடம் கழித்துப் பதக்கம் வந்தது. அவன் சாகவில்லை, எங்கோ ஒளிந்து வாழ்கிறான் என்றது ஊர். ஊர்வாயை மூட உலைமூடி இல்லை. பதக்கம் மூடும் என்று தந்தை நடையாய் நடந்து வாங்கியது அது. தன் பெட்டியிலேயே பூட்டி வைத்திருந்த அவன் சீருடைக் கோட்டில் தைக்கக் கொடுத்தார்.

"தம்பி கொஞ்சம் பூசினாப்புல ஆயிட்டாரோ? இடுப்பைப் பிரிச்சு விட்டிருக்கே, நூல்கூடப் புதுசு" என்றார் தையற்காரர்.

தந்தை முதுகை நிமிர்த்தினார். "இருபத்தாறு வயசுல செத்தவன் எப்படிய்யா பெருப்பான்? பழைய அளவுக்கே பிடிங்க."

பிடித்துத் தைத்து, பொத்தான் போட்டு ஆணியில் மாட்டினார்கள். ஆளில்லாத கோட்டு, அடக்கிய மூச்சை விட்டதுபோல் மெல்லப் புடைத்தது. நடுப்பொத்தான் தெறித்துத் தரையில் உருண்டது.

தந்தை அதை எடுத்தார். வெதுவெதுப்பாக இருந்தது.

"இரட்டை நூல் போட்டுத் தைங்க" என்றார்.